அஞ்சாம் நம்பர் டைமர்

எலக்ட்ரீஷியன் மதிவாணன், எலக்ட்ரீஷியன் மதிவாணன், எலக்ட்ரீஷியன் மதிவாணன்னு மூணு தடவை கத்தினான் சார் அந்த டவாலி. கோர்ட்டு வராண்டாவுல அத்தனை சனம் நிக்குது. எனக்கு எப்படி இருந்திருக்கும், நீங்களே சொல்லுங்க. இருபத்திரெண்டு வருஷமா பேனல் போடறேன். கண்ட்ரோலருக்குப் புரோகிராம் எழுதறேன். சம்மன்ல என்ன போட்டிருக்காங்க? எலக்ட்ரீஷியன். வீட்டுக்கு டியூப்லைட் மாட்ட வர்றவனும் நானும் ஒண்ணா?

இந்தப் பையை மடியில வெச்சுக்கறேன், தாராளமா தள்ளி வாங்க. சேலந்தானுங்களே? நானும் சேலந்தான், அம்மாப்பேட்டை. ஆத்தூர்ல பஸ் ஏறி ஜன்னல் சீட்டு கெடைக்கறதே பெருசு.

சாட்சி சொல்லத்தான் வந்தேன். குத்தவாளி இல்லீங்க, சாட்சி. அதை மொதல்லயே சொல்லிடறேன். இப்பெல்லாம் கோர்ட்டுக்குப் போயிட்டு வந்தேன்னாலே ஆளை ஒரு மாதிரி பாக்கறாங்க.

சேகோ ஃபேக்டரி பாத்திருக்கீங்களா? தலைவாசல் பக்கம் உள்ள தள்ளி ஒண்ணு இருக்குது. ஓனர் பேரு அங்கமுத்து. குச்சிக்கிழங்கை அரைச்சு, மாவைத் தெளிய வெச்சு, ஜவ்வரிசி ஆக்கறது. பாயசத்துல வெள்ளை வெள்ளையா மெதக்குது பாருங்க, அது வர்றதுக்கு முன்னாடி எவ்வளவு தண்ணி நாறிப்போகுதுன்னு தெரிஞ்சா ஒருத்தரும் குடிக்க மாட்டாங்க. அந்தக் கழிவுத் தண்ணி பூரா ரெண்டு தொட்டிக்குப் போகும். தொட்டின்னா கெணறு மாதிரி, பதினஞ்சடி ஆழம், மேல காங்கிரீட் மூடி. தண்ணி நின்னு புளிச்சா அதுல வாயு கட்டும். கொஞ்சமா இருந்தா அழுகின முட்டை நாத்தம். நெறைய இருந்தா நாத்தமே தெரியாது, மூக்கு செத்துப்போகும். ஆளு எறங்கினா ரெண்டு மூச்சுதான்.

எறங்காம இருந்தா என்னன்னு கேப்பீங்க. திப்பி இருக்குதுங்களே, கிழங்குச் சக்கை, அது போயி மோட்டார் தண்ணி உறிஞ்சற புட்வால்வை அடைச்சுக்கும். எடுத்து உட்டாத்தான் தண்ணி ஏறும். ஆளை எறக்கக் கூடாதுன்னு சட்டமெல்லாம் இருக்குது. சீசன்ல சட்டத்தை எவன் பாக்கறான்? வெளிய கிழங்கு லாரி வரிசை கட்டி நிக்கும். வெட்டின கிழங்கு ரெண்டு நாள் தாண்டினா உள்ள நீலம் பாஞ்சுடும். வாரத்துக்கு ஒரு தடவையாவது ஒருத்தன் எறங்கியே ஆகணும்.

அதுக்குத்தாங்க என்னைக் கூப்பிட்டது. நான் போறதுக்கு முன்னாடி அவங்க என்ன பண்ணிட்டு இருந்தாங்க தெரியுமா? ஒரு கோழியைக் கூடையில வெச்சுக் கயித்துல கட்டித் தொட்டிக்குள்ள எறக்குவாங்க. அஞ்சு நிமிஷம் கழிச்சு மேல தூக்குவாங்க. கோழி நின்னுச்சுன்னா ஆளு எறங்கலாம். இந்தக் காலத்துல! செங்கோடன்னு ஒருத்தன், ஈரப் பகுதிக்கு அவன்தான் ஆப்பரேட்டர், பதினாறு வருஷமா அங்கயே கெடக்கறான். அவன்தான் கோழி வைத்தியர். நான் சிரிச்ச சிரிப்புல அவனுக்கு மூஞ்சி செத்துப்போச்சு. ஏப்பா, கோழி எத்தனாவது வரைக்கும் படிச்சிருக்குதுன்னு கேட்டேன். அங்கமுத்து விழுந்து விழுந்து சிரிச்சார்.

நான் போட்டுக் குடுத்தது என்ன? மூடிகிட்ட ஒரு சென்சார். வாயு ஜாஸ்தின்னா சிவப்பு வெளக்கு. ஆனா அந்த வாயுவுக்குக் கனம் அதிகம், அடியில போயி படுத்துக்கும். சென்சாரைக் கொண்டுபோயி அடியில வெச்சா சேறு அப்பி ஒரே வாரத்துல போயிடும். அதனால சென்சாரை மட்டும் நம்பினா ஆகாது, நேரமும் வேணும். பட்டனை அமுக்கினா புளோயர் ஓடும். குழாய் வழியா அடி வரைக்கும் நல்ல காத்து எறங்கும். கண்ட்ரோலர் உள்ள ஒரு டைமர் எண்ணிக்கிட்டே இருக்கும். சரியாப் பதினஞ்சு நிமிஷம். அதுவும் ஆகி, சென்சாரும் சரின்னு சொன்னா, பச்சை எரியும். பச்சை எரிஞ்சா எறங்கு. அவ்வளவுதான். ஒரு குழந்தைக்குக்கூடப் புரியும்.

செங்கோடன் கையில எப்பவும் ஒரு பழைய வாச்சு கட்டியிருப்பான். நான் எல்லாருக்கும் சொல்லிக் குடுக்கறப்ப அவன் வாச்சைப் பாத்து நேரம் குறிக்கறான். எனக்கு எரிச்சல் வந்துச்சு. நீ வாச்சைப் பாக்காதே, பெட்டியைப் பாரு, வாச்சு தப்பு பண்ணும், பெட்டி பண்ணாதுன்னு சொன்னேன். சரிங்க எஞ்சினியர் சார்னான். அந்த ஃபேக்டரியில என்னை எஞ்சினியர்னு கூப்பிட்டது அவன் ஒருத்தன்தான். நல்ல பையன். பையன்னா, நாப்பது இருக்கும், ரெண்டு புள்ளைங்க.

இந்தப் புரோகிராமை நான் புதுசா எழுதலீங்க. அதுதான் என் தொழில் சூட்சுமம். சப்ரொட்டீன்னு ஒண்ணு இருக்குது. ஒரு வேலையை ஒரே ஒரு தடவை உக்காந்து ஒழுங்கா எழுதித் தனியா வெச்சுடறது. அப்புறம் எங்க வேணுமோ அங்க பேரைச் சொல்லிக் கூப்பிட்டாப் போதும், அது வந்து செஞ்சுட்டுப் போகும். கல்யாணச் சமையக்காரர் மாதிரி. எந்த மண்டபத்துல கூப்பிட்டாலும் அதே சாம்பார், அதே ருசி. எனக்கு அந்த மாதிரி ஒண்ணு இருந்துச்சு. "காத்து"ன்னு பேர் வெச்சிருந்தேன். புளோயரை ஓட விடு, பதினஞ்சு நிமிஷம் எண்ணு, பச்சையைப் போடு. உள்ள எண்ணறது அஞ்சாம் நம்பர் டைமர். பத்து ஃபேக்டரியில போட்டிருக்கேன், ஒரு இடத்துல ஒரு புகார் வந்ததில்ல. இன்னைக்கு வரைக்கும் ஓடுது.

அந்தப் பத்துலயும் ஒத்தைத் தொட்டி. இங்க ரெண்டு.

ஆயுத பூஜைக்கு முந்தின நாளுங்க. மறுநாள் பேனலுக்குச் சந்தனம் குங்குமம் வெச்சு ஓட்டியே ஆகணும்னு அங்கமுத்து தலைகீழா நிக்கறார். நான் என்ன பண்ணினேன்? மொதல் தொட்டி பட்டனுக்கு "காத்து"வைக் கூப்பிட்டேன். ரெண்டாந்தொட்டி பட்டனுக்கும் "காத்து"வைக் கூப்பிட்டேன். ஒரு மத்தியானத்துல வேலை முடிஞ்சுது. அவசரத்துல செஞ்சதுன்னு நெனைக்காதீங்க. டெஸ்ட் பண்ணினேன். மொதல் பட்டனை அமுக்கினேன், பதினஞ்சு நிமிஷம், பச்சை. அணைச்சேன். ரெண்டாவது பட்டனை அமுக்கினேன், பதினஞ்சு நிமிஷம், பச்சை. இதுக்கு மேல என்ன டெஸ்ட் பண்ணறது?

ரெண்டையும் ஒண்ணா அமுக்கிப் பாக்கல. எதுக்குப் பாக்கணும்? ஒரு ஏணி, ஒரு கயிறு, ஒரு ஆளு. ஒரு தொட்டி முடிஞ்சாத்தானே அடுத்த தொட்டி?

மூணு மாசம் ஓடுச்சு. தை மாசம், சீசன் உச்சத்துல இருக்குது. ஒரு நாள் காலையில பொன்னுவேல் எறங்கினான். செங்கோடனோட மச்சான் அவன், பொண்டாட்டி பாவாயியோட கூடப் பொறந்த தம்பி. மாமா, எனக்கும் ஒரு வேலை போட்டுக் குடுன்னு கேட்டு வந்தவன். செங்கோடன்தான் பட்டன் அமுக்கினது, செங்கோடன்தான் பச்சை எரிஞ்சுதுடா எறங்குன்னு சொன்னது. எறங்கினவன் ஏணியில பாதி தாண்டல. கை விட்டுடுச்சு. இவன் பின்னாடியே குதிக்கப் போயிருக்கான், நாலு பேர் இடுப்பைக் கட்டிப் புடிச்சுக்கிட்டாங்க. வெளிய எடுக்கறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சுபோச்சு. இருபத்தாறு வயசு.

போலீஸ் வந்தாங்க. செங்கோடன் ஒரே வார்த்தையைத்தான் சொன்னான். பட்டனை அமுக்கினேன், பச்சை எரிஞ்சுது, எறக்கினேன். ஆனா அங்க மூடியைத் தூக்கினவங்க, கயிறு புடிச்சவங்க, மூணு பேரும் சொல்லிட்டாங்க, பட்டன் அமுக்கி ரெண்டு மூணு நிமிஷம்தான் ஆச்சு, பதினஞ்சு நிமிஷம் ஆகவே இல்லன்னு. அவங்களும் பொய் சொல்லலீங்க. அவனும் ஒத்துக்கிட்டான். சீக்கிரமாத்தாங்க எரிஞ்சுது, எனக்கே ஒரு மாதிரி இருந்துச்சு, ஆனா பெட்டிக்குத் தெரியாததா எனக்குத் தெரியப் போகுதுன்னு விட்டுட்டேன்னான். யார் நம்புவாங்க? லாரி நிக்குதுன்னு ஓனர் அவசரப்படுத்தினார், இவன் பச்சை வர்றதுக்கு முன்னாடியே எறக்கிட்டான்னு எழுதி அவன் மேல கேஸ் போட்டுட்டாங்க.

எனக்கு அங்கமுத்து போன் பண்ணினார். மதி, உன் பெட்டி சரியாத்தானே இருக்குதுன்னார். என்னங்க இப்படிக் கேக்கறீங்கன்னேன். கோவம் வந்துடுச்சு எனக்கு. பத்து ஃபேக்டரி பேரைச் சொன்னேன். அப்பச் சரி, வந்து ஒரு தடவை பாத்துட்டுப் போயிடுன்னார்.

நாலாம் நாள் போனேன். தொட்டியைச் சுத்தித்தான் போலீஸ் கயிறு கட்டி வெச்சிருந்தாங்க. பேனலை யாரும் தொடல. லேப்டாப்பை மாட்டி உக்காந்தேன். அன்னைக்குக் காலையில என்ன நடந்துச்சுன்னு ஆளுங்களை ஒவ்வொண்ணா விசாரிச்சேன். அப்பத்தான் ஒரு பொம்பளை சொல்லுச்சு, செங்கோடன் மொதல் தொட்டிக்குத்தான் முதல்ல பட்டன் போட்டான், அது ஓடிட்டு இருக்கறப்பவே ரெண்டாந்தொட்டியும் அடைச்சுக்கிச்சு, அதுதான் அவசரம்னு அதுக்கும் போட்டான், பொன்னுவேல் எறங்கினது அதுலதான்னு.

அந்தப் புரோகிராமைத் தெறந்து மறுபடியும் ஒரு தடவை படிச்சேன் சார்.

அந்தச் சமையக்காரர் ஒருத்தர்தான். அவர் கையில கடிகாரமும் ஒண்ணுதான். மொதல் மண்டபத்துல அரிசி போட்டுப் பதிமூணு நிமிஷம் ஆச்சு. ரெண்டாவது மண்டபத்துல இப்பத்தான் அரிசி போட்டது. கடிகாரம் பதினஞ்சு அடிச்சா, ரெண்டு மண்டபத்துலயும் வெந்துபோச்சும்பார். புரியுதுங்களா? ரெண்டு தொட்டிக்கும் ஒரே டைமர். மொதல் தொட்டிக்கு எண்ண ஆரம்பிச்சது, ரெண்டாந்தொட்டிக்கு அமுக்கினப்ப பதிமூணு நிமிஷத்துல இருந்திருக்குது. இன்னும் ரெண்டு நிமிஷம். ரெண்டு பச்சையும் ஒண்ணா எரிஞ்சிருக்கும். நான் அமுக்கிப் பாத்தேன். எரிஞ்சுது.

சரி பண்ணறதுக்கு எவ்வளவு நேரங்கறீங்க? பத்து நிமிஷம். ரெண்டாந்தொட்டிக்கு ஆறாம் நம்பர் டைமர். ஒரே ஒரு நம்பர் மாத்தம். அது என் கடமைதானே? அப்படியே விட்டுட்டு வர முடியுமா, நாளைக்கு இன்னொருத்தன் எறங்கினா? அதனாலதான் மாத்தினேன். பழசு மேலயே புதுசை ஏத்திட்டேன். பழசைத் தனியா எடுத்து வெச்சுக்கற பழக்கம் எனக்கு எப்பவும் கிடையாதுங்க. வேணும்னே அழிச்சேன்னு நெனைச்சுடாதீங்க.

அங்கமுத்து வந்து என்னப்பான்னார். எல்லாம் சரியா இருக்குதுங்கன்னேன். அந்த நேரத்துல சரியாத்தான் இருந்துச்சு.

ஒன்பதாம் நாள் போலீஸ் ஒரு நிபுணரைக் கூட்டிட்டு வந்தாங்க. பட்டனை அமுக்கி, அவர் கையில ஒரு ஸ்டாப்வாச்சு. செங்கோடனையும் பக்கத்துல நிக்க வெச்சிருந்தாங்க. பதினஞ்சு நிமிஷம், மூணு செகண்டு. ஒண்ணாப் போட்டாங்க, தனியாப் போட்டாங்க. எத்தனை தடவை போட்டாலும் பதினஞ்சு நிமிஷம். மூணாந்தடவை பச்சை எரிஞ்சப்ப நான் செங்கோடனைப் பாத்தேன். வெளக்கையே பாத்துட்டு நின்னான். அப்புறம் தன் கண்ணைத் தேச்சுக்கிட்டான். அந்தப் பக்கம் பாக்க எனக்குப் புடிக்கல, வண்டியை எடுத்துட்டு வந்துட்டேன்.

எனக்கு ஒண்ணு கேக்கணும் சார். ரெண்டு பட்டனையும் எதுக்கு அமுக்கினான்? ஒண்ணு முடிஞ்சு ஒண்ணு பண்ணுன்னு அவனுக்குத் தெரிய வேண்டாமா? நான் அப்படிச் சொல்லிக் குடுக்கலைதான். அதெல்லாமா சொல்லிக் குடுப்பாங்க? ரெண்டு நிமிஷத்துல எரிஞ்சப்ப அவனுக்கே ஒரு மாதிரி இருந்துச்சாம். இருந்துச்சுல்ல? அப்ப நிறுத்த வேண்டியதுதானே! பதினாறு வருஷ அனுபவம் எதுக்கு இருக்குது? தப்பு அவன் பேர்லயும் இருக்குதுங்க. நான் முழுசாத் தூக்கிச் சொமக்க முடியுமா? எனக்கு ஒரே பொண்ணு, காலேஜ்ல மூணாவது வருஷம் படிக்குது. எங்கப்பா எஞ்சினியருன்னு சொல்லிட்டுத் திரியுது.

இன்னைக்குக் கூண்டுல ஏறினேன். அரசு வக்கீல் கேட்டார், அந்தப் பேனல்ல இருக்கிற புரோகிராமை நீங்கதான் எழுதினீங்களா? ஆமாங்க. சம்பவத்துக்கப்புறம் அதைச் சோதிச்சுப் பாத்தீங்களா? பாத்தேங்க. சரியா வேலை செய்யுதா? செய்யுதுங்க. பதினஞ்சு நிமிஷத்துக்கு முன்னாடி பச்சை எரியுமா? எரியாதுங்க. இதுல ஒரு வார்த்தை பொய் இருக்குதா, சொல்லுங்க. இப்ப இருக்கிற புரோகிராமைத்தானே கேட்டாங்க? முன்னாடி எப்படி இருந்துச்சுன்னு ஒருத்தரும் கேக்கல. செங்கோடனோட வக்கீலாவது கேப்பார்னு பாத்தேன். கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். கண்டிப்பாச் சொல்லியிருப்பேன். அவர் எந்திரிச்சு, குறுக்கு விசாரணை இல்லைங்க ஐயான்னு உக்காந்துட்டார். அவர் தப்புக்கு நான் என்ன பண்ணறது?

வெளிய வந்து எதுத்த டீக்கடையில டீ வாங்கினேன். ஒரு வாய் குடிக்கல, பக்கத்துல செங்கோடன். ஆளு பாதியா எளைச்சுட்டான்.

"சார், ஒண்ணே ஒண்ணு கேக்கணுங்க. கோர்ட்டுக்காக இல்ல."

"கேளுப்பா."

"அன்னைக்குப் பச்சை எரிஞ்சிருக்குங்களா, எரிஞ்சிருக்காதுங்களா?"

"நீதானேப்பா பாத்தே. என்னைக் கேக்கறே?"

"பாத்தேன்னுதாங்க ரெண்டு வருஷமாச் சொல்லிட்டுக் கெடக்கறேன். இப்ப எனக்கே தெரியலீங்க. கண்ணை மூடினா ஒரு நாளைக்குப் பச்சையாத் தெரியுது, ஒரு நாளைக்குச் செவப்பாத் தெரியுது. பாவாயி அவங்கம்மா வீட்டுக்குப் போயிட்டா. புள்ளைங்களையும் கூட்டிட்டுப் போயிட்டா. 'என் தம்பி செத்ததைக்கூட விதின்னு உட்டுருவேன், அவனைக் கொன்னு போட்டு வெளக்கு மேல பழி போடறியே, அதுதான் எனக்கு ஆகல'ங்கறா. நீங்க அதைச் செஞ்சவரு. நீங்க எரிஞ்சிருக்கும்னா எரிஞ்சுது. எரிஞ்சிருக்காதுன்னா எரியல. அதையே அவகிட்டப் போயிச் சொல்லிடறேன்."

மாரியம்மன் சத்தியமாச் சொல்றேன் சார், வாய் வரைக்கும் வந்துச்சு. அந்த டீக்கடையில நானும் அவனும் மட்டும்தான். கோர்ட்டு இல்ல, போலீஸ் இல்ல. ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அவன் யார்கிட்டப் போயி நிரூபிக்கப் போறான்? எனக்கு ஒரு நட்டமும் இல்ல.

பதினஞ்சு நிமிஷம் ஆகாம எரியாதுப்பான்னுட்டேன்.

அழுவான்னு நெனைச்சேன். அழல. நீளமா ஒரு மூச்சு விட்டான். "அப்ப நாந்தாங்க"ன்னான். "இப்பத்தாங்க நெஞ்சு ஒரு பக்கமா நிக்குது. எரிஞ்சுதா இல்லையான்னு தெரியாமத்தான் செத்துட்டு இருந்தேன். நாளைக்கே போயி அவ கால்ல உழுந்து, நாந்தான் பாவாயி உன் தம்பியை எறக்கிக் கொன்னேன், பச்சை கிச்சை ஒண்ணும் எரியலன்னு சொல்லிடறேன். நெசத்தைச் சொன்னா வீட்டுக்கு வந்தாலும் வருவா." ரெண்டு கையையும் கூப்பிக் கும்பிட்டான். என் டீக்கு அவன்தான் காசு குடுத்தான். வேண்டாம்ப்பான்னேன், கேக்கல.

அடுத்த வாய்தாவுல குத்தத்தையும் ஒத்துக்கப் போறானாம். ஒத்துக்கிட்டா தண்டனை கொறையும்ங்க. பொண்டாட்டியும் வந்துடுவா. யோசிச்சுப் பாத்தா நான் அவனுக்கு நல்லதுதான் பண்ணியிருக்கேன். இல்லீங்களா? ஏதாவது சொல்லுங்க சார்.

ஏன் எந்திரிக்கறீங்க? வாழப்பாடிகூட இன்னும் வரலீங்களே. நின்னுக்கறீங்களா? இவ்வளவு எடம் இருக்கறப்ப எதுக்கு சார் கம்பியைப் புடிச்சு நிக்கணும்?

பச்சை எரிஞ்சுதுங்க சார். ரெண்டே நிமிஷத்துல எரிஞ்சுது. அவன் கண்ணு நல்ல கண்ணுங்க, அவன் பாத்தது நெசம். சொல்லிட்டேனுங்களே, உங்ககிட்டச் சொல்லிட்டேன். கொஞ்ச நேரம் உக்காருங்க.